நாலு மாதம் வாழும் சிவப்பணு

ஜனவரி 13, திங்கள்

பள்ளி திறந்த முதல் நாளே தலைமையாசிரியை ஓயேதிரான் அம்மா அறைக்குக் கூப்பிட்டார். உயிரியல் ஆசிரியர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கனடாவுக்குப் பறந்துவிட்டாராம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது ஆள் கிடைக்கும்வரை ஒன்பதாம் வகுப்புக்கு நான் உயிரியல் எடுக்க வேண்டுமாம். நான் புவியியல்காரி என்றேன். நைஜர் ஆறு எங்கே கடலில் கலக்கிறது என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், தவளையின் குடல் எங்கே போய் முடிகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்குப் பிள்ளையா குட்டியா, மேடம்? சாயங்காலம் உட்கார்ந்து படிச்சா தானா வந்துடும்."

முப்பத்தேழு வயதில் தனியாக இருப்பவளுக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது என்பது இபாதான் முழுக்கத் தெரிந்த விஷயம் போலிருக்கிறது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

இணையத்தில் தேடி ஒரு படிப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். செல் உயிரியலின் அடிப்படைகள், ஐந்து வாரம், இலவசம். முதல் வேலையாக எல்லோரும் கலந்துரையாடல் பக்கத்தில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டுமாம். "நான் இபிதுன், இபாதானில் புவியியல் ஆசிரியை, செல் பற்றி ஒன்றும் தெரியாது" என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் யாராவது சிரித்தாவது பதில் போடுவார்கள் என்று நினைத்தேன்.

ஜனவரி 16

பாதி வினாத்தாளில் கரண்ட் போய்விட்டது. செல் சவ்வு நாளைக்கு.

ஜனவரி 19, ஞாயிறு

பாடம் நடத்துகிறவளுக்கு முகம் கிடையாது, குரல் மட்டும்தான். படத்தில் வட்டம் வட்டமாக ஏதோ நகரும், அவள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போவாள். இந்த வாரம் என் வீட்டில் அதிகம் பேசியவள் அவள்தான். சமைக்கும்போதும் ஓட விடுகிறேன். சவ்வு என்பது வெறும் தோல் இல்லையாம். யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று அதற்குத் தெரியுமாம். எனக்குத் தெரிந்த பல பெண்களுக்கு அந்தப் புத்தி இல்லை.

சர்ச் முடிந்து வந்ததும் ஒக்போமோஷோவிலிருந்து அம்மாவின் அழைப்பு. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். ஆமலாவும் எவேது கீரையும் என்றேன். பொய். நேற்றைய ரொட்டியும் தேநீரும்தான். ஒருத்திக்காக யார் மாவைக் கிண்டுவது?

பிறகு விஷயத்துக்கு வந்தாள். அவளுடைய சர்ச்சில் மனைவியை இழந்த ஒருவர் இருக்கிறாராம். தங்கமான மனுஷராம். "முதல்ல ஜீனோடைப்பைத்தான் கேட்டேன்டி. ஏஏ. அதுக்கப்புறம்தான் பேரையே கேட்டேன்" என்றாள்.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கே எல்லோரும் கல்யாணப் பேச்சில் ரத்த வகையான ஜீனோடைப்பைத்தான் முதலில் கேட்பார்கள்; ஒருவர் ஏஏ என்றால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. நான் ஏஎஸ். எனக்கு ஒன்றும் செய்யாது, நான் பாட்டுக்கு நூறு வயது வாழலாம். ஆனால் இரண்டு ஏஎஸ் கல்யாணம் செய்துகொண்டால் நாலில் ஒரு பிள்ளை எஸ்எஸ் ஆகலாம். அரிவாள் செல் நோய். என் அம்மாவும் அப்பாவும் ஏஎஸ். அவர்கள் காலத்தில் யாரும் கேட்கவில்லை. என் தம்பி லான்ரே எஸ்எஸ். பத்தொன்பது வயதில் போய்விட்டான். வலி வரும் நாட்களில் வீட்டில் யாரும் கதவைச் சத்தமாகச் சாத்தக்கூட மாட்டோம்.

இதை ஏன் எழுதினேன்? செல் சவ்வில் ஆரம்பித்தேன்.

அறிமுகத்துக்கு இன்னும் ஒரு பதில்கூட வரவில்லை.

ஜனவரி 25

பள்ளியின் ஒரே நுண்நோக்கியை அலமாரியிலிருந்து இறக்கினோம். நானும் கணக்கு டீச்சர் பஸிராவும். அதன் குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. துடைத்து, வெங்காயத்தின் உள்தோலை உரித்து, அயோடின் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி —

தெரிந்தது! செங்கல் அடுக்கியது போல அறை அறையாக. ஒவ்வொரு அறையிலும் ஒரு புள்ளி. பஸிராவைப் பார்க்கச் சொன்னேன். அவள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"என்னடி இது, ஒரு அறைக்கு ஒரு ஆள்தானா? உன் வீடு மாதிரியே இருக்கு."

சிரித்தேன். அவள் சொன்னால் எனக்குக் கோபம் வராது. இந்தப் பள்ளியில் என்னிடம் "எப்போது நல்ல செய்தி" என்று கேட்காதவள் அவள் ஒருத்திதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு தங்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

ரிங் ரோடு பக்கம் போக வேண்டியிருந்தது. அந்த லேப் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பெயர்ப்பலகைக்கு மட்டும் புது பெயின்ட். ஆட்டோக்காரரிடம் வேறு வழியாகப் போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஒரு தடவையாவது இதை நேராக எழுதிவிடுகிறேன்.

கொலாப்போ நிலம் அளப்பவன். பள்ளிக்கு எல்லைக் கல் நட வந்தான். என் வகுப்பறைச் சுவரில் இருந்த வரைபடத்தில் ஓயோ மாநிலத்தின் எல்லை தப்பு என்று சொல்லிச் சண்டை போட்டான். அவன் சொன்னதுதான் சரி. இரண்டு வருடம் பழகினோம். பள்ளிக்கூடத்தில் படித்தபோதே சோதித்ததாகவும், தான் ஏஏ என்றும் சொல்லியிருந்தான். அதனால்தான் நான் மனதைக் கொடுத்தேன். இல்லையென்றால் முதல் மாதத்திலேயே கதவைச் சாத்தியிருப்பேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆகஸ்ட். லாகோஸ் நெடுஞ்சாலையில் அவன் வந்த வண்டி லாரியின் அடியில் போய்விட்டது. தொடையில் பெரிய வெட்டு, ரத்தம் கொட்டிவிட்டது. மூன்று பை ஏற்ற வேண்டும் என்றார்கள். இரண்டு பை எப்படியோ கிடைத்தது. மூன்றாவதுக்கு ஆள் கொண்டுவா என்றார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு. நான் படுத்துக் கையை நீட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிழைத்துக்கொண்டான். கல்யாணத் தேதியைச் சபையில் அறிவிக்க வேண்டுமென்றால் இருவருடைய ஜீனோடைப் முடிவையும் புதிதாக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சர்ச்சில் சொன்னார்கள். பழைய முடிவெல்லாம் செல்லாது, அந்தக் காலத்து லேப்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தவை என்றார்கள். அதுவும் நிஜம்தான். அப்படி ஏமாந்த எத்தனையோ குடும்பங்கள் உண்டு. தேதி கைவிட்டுப் போகும் என்று மூன்று வாரத்திலேயே அவன் ஊன்றுகோலோடு என்னுடன் லேப் படியேறினான்.

நான் ஏஎஸ், தெரிந்ததுதான். அவனும் ஏஎஸ் என்று வந்தது. லேப்காரர், ரத்தத்தில் எஸ் இருந்தால் கோடு விழும் சோதனைப் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "கோடு மங்கலாத்தான் இருக்கு. ஆனா இருக்கு" என்றார். நம்பாமல் அதே வாரம் இன்னொரு லேப். அங்கேயும் அதே முடிவு.

அவன் பரவாயில்லை என்றான். கடவுள் பார்த்துக்கொள்வார் என்றான். நான்தான் முடியாது என்றேன். லான்ரேயின் முழங்காலுக்கு அம்மா ஒத்தடம் கொடுத்ததை அவன் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு பிள்ளைக்கு அதைத் தெரிந்தே என்னால் கொடுக்க முடியாது.

இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஆட்டோ கடந்த பிறகும் திரும்பி அந்தப் படிகளையே பார்த்தேன்.

பிப்ரவரி 5

மைட்டோகாண்ட்ரியா என்ற சொல்லை ஒன்பதாம் வகுப்பு ஒருவழியாகச் சொல்லிவிட்டது. நானும்தான்.

பிப்ரவரி 8, சனி

நாலாவது வாரப் பாடம்: சிவப்பணு.

மற்ற செல்களுக்கெல்லாம் நடுவில் உட்கரு உண்டு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு இல்லை. பிராணவாயுவைச் சுமக்க இடம் வேண்டும் என்று உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறதாம். அதனால் கிழிந்தால் தைத்துக்கொள்ளவும் முடியாது, தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கவும் முடியாது. கிட்டத்தட்ட நாலு மாதம் சுமந்துவிட்டு மண்ணீரலில் உடைந்துபோகிறது. அரிவாள் செல் என்றால் இரண்டு மூன்று வாரம்தான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். லான்ரேக்குள் எவ்வளவு அவசரமாக ஒவ்வொன்றும் செத்திருக்கிறது! அவன் எப்போதும் களைப்பாக இருந்ததற்குச் சோம்பேறி என்று நான் திட்டியிருக்கிறேன்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து வினாக்களை எழுதினேன். ஒன்று இப்படி: ஒருவருக்கு ரத்தம் ஏற்றப்படுகிறது, கொடுத்தவருடைய சிவப்பணுக்கள் அவர் உடலில் எவ்வளவு காலம் காணப்படலாம்? நாலு மாதம் வரை என்று குறித்தேன். சரி என்று பச்சை வந்தது. எல்லாவற்றையும் முடித்துவிட்டு அரிசி களையப் போனேன்.

தண்ணீர் வழிஞ்சுக்கிட்டே இருக்கு. அப்படியே விட்டுட்டு வந்து எழுதறேன்.

மூணு வாரம். மூணே வாரத்துல லேப்புக்குப் போனோம். அவனுக்குள்ள ஓடினது என் ரத்தம். அந்த மங்கலான கோடு — அது அவனுடையதே இல்லையா? அது நானா?

பிப்ரவரி 9

அவசரப்படாதே இபிதுன். ஒழுங்காக யோசி.

மற்ற இரண்டு பையும் யாருடையதோ. அவற்றிலும் ஏஎஸ் இருந்திருக்கலாம். இங்கே நாலு பேரைக் கூப்பிட்டால் ஒருவர் ஏஎஸ்தான். ஆனால் என்னுடையது நிச்சயம். இரண்டு லேப்காரர்களும் பொய் சொல்லவில்லை, குழாயில் இருந்ததைத்தான் சொன்னார்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றினீர்களா என்று யாரும் கேட்கவில்லை. ஊன்றுகோலோடு வந்தவனைப் பார்த்தும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கலந்துரையாடல் பக்கத்தில் பெயர் சொல்லாமல் கேள்வியாகப் போட்டேன்.

பிப்ரவரி 11

பதில் வந்துவிட்டது! முதல் பதில். பாடத்தை நடத்துபவர்களில் ஒருவர் எழுதியிருக்கிறார்: நடக்கக்கூடியதுதான். அதனால்தான் ரத்தம் ஏற்றியவரை நாலு மாதம் காத்திருந்து சோதிக்கச் சொல்வார்கள். மங்கலான கோடு என்றால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த நபரை மறுபடி சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மதிய இடைவேளையில் பஸிராவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மொய்-மொய் பொட்டலத்தைப் பிரித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நீ வேணாம்னு சொன்னது அவனை இல்லடி. உன்னைப் பார்த்தே நீ பயந்திருக்க."

அவள் சிரிக்கவில்லை. நானும்.

பிப்ரவரி 15, சனி

மூன்று நாளாக முட்டாளாக இருக்கிறேன். தெரிந்தேதான் இருக்கிறேன். நீல ஆடையை எடுத்து இஸ்திரி போட்டேன். எங்கே போகப் போகிறேன் என்று யாரும் கேட்காதவரை நல்லது. ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக இரண்டு பேருக்குச் சமைக்கும் பானையைக் கழுவி வைத்தேன்.

இன்று காலை அவனைக் கூப்பிட்டேன். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை.

என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டான். பொய்ச் சந்தோஷம் இல்லை, எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள், நானே உன்னைக் கூப்பிட இருந்தேன், மற்றவர்கள் சொல்லி நீ கேட்கக் கூடாது என்றான். ஏப்ரலில் கல்யாணமாம். மொதுபே என்று பெயர். வங்கியில் வேலை.

அவளும் ஏஎஸ்.

எப்படி என்று கேட்டேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான், என்னை நோகடிக்கக் கூடாது என்ற கவனத்தோடு. மொதுபேயின் சர்ச்சில் இருபத்தொரு நாள் உபவாசம் இருந்து ஜெபித்தார்களாம். நவம்பரில் அவனை மறுபடி சோதித்தபோது ஏஏ. இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தும் ஏஏ. அவன் மேடையேறி சாட்சி சொன்னானாம். பழைய முடிவையும் புது முடிவையும் இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினானாம். சபை முழுக்க எழுந்து நின்றதாம்.

"கடவுள் மாத்திட்டார், இபிதுன். அவளுக்காகத்தான் மாத்தினார்னு பாஸ்டர் சொன்னார்."

வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிப்ரவரி 16

சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மாவின் அழைப்பையும் எடுக்கவில்லை. பானையைத் திரும்ப மேலே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 22

படிப்பு முடிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. சான்றிதழும் வந்தது. காட்ட ஆள் இல்லாமல் முற்றத்துச் சுவரில் இருந்த ஓணானிடம் காட்டினேன். அது தலையைத் தலையை ஆட்டியது. எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டும் என்றாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

குரல்காரியின் கடைசிப் பாடத்தை மறுபடி போட்டுக் கேட்டேன். "இத்தனை வாரம் எங்களோடு இருந்ததற்கு நன்றி" என்கிறாள். அழுகை வந்துவிட்டது. இதற்குப் போய்!

அவனிடம் சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? அவன் எப்போதுமே ஏஏதான். மொதுபே ஏஎஸ் ஆனாலும் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஆபத்தில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லை, என்னைத் தவிர. காரணம் எதுவானால் என்ன, அவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும்.

பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. அவளுக்காகத்தான் மாற்றினார் என்ற வார்த்தை இன்னும் முள்ளாகக் குத்துகிறது.

மார்ச் 4

இன்று ஒன்பதாம் வகுப்புக்கு அரிவாள் செல் பாடம். பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிள்ளைக்கு வருவதைப் பலகையில் எழுதிக் காட்டினேன். பிறந்தபோது இருந்ததுதான் கடைசிவரை என்றேன்.

இரண்டாவது பெஞ்சில் ரேமி என்ற பெண் கையைத் தூக்கினாள். வாயாடி இல்லை, யோசித்துப் பேசுகிறவள்.

"இல்ல மிஸ், மாறும். எங்க சர்ச்சுல ஒரு அண்ணனுக்கு மாறிடுச்சு. வீடியோ இருக்கு."

எந்த வீடியோ என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். அவளுடைய சித்தி ஏஎஸ், சித்திக்குப் பார்த்திருக்கிறவரும் ஏஎஸ். இரண்டு வருடமாக வீட்டில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த வீடியோவைப் பார்த்த பிறகு பாட்டனாரே சம்மதித்துவிட்டாராம். ஜூனில் கல்யாணம். முதலில் கல்யாணம், பிறகு ஜெபித்து மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாம்.

"துணிகூட எடுத்தாச்சு மிஸ். எனக்கு ஆரஞ்சு நிறம்" என்றாள்.

மார்ச் 5

சொன்னால் பொறாமைக்காரி என்பார்கள். கிடைக்காதவள் வயிற்றெரிச்சலில் கடவுளையே பொய்யாக்குகிறாள் என்பார்கள்.

பொறாமை இல்லையா எனக்கு? இருக்கு. நிறையவே இருக்கு. அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? ரேமியோட சித்திக்கு ஒரு லான்ரே பொறந்தா, அப்ப நான் என்ன சொல்லுவேன் — எனக்குத் தெரியும், ஆனா கௌரவமா இருந்துட்டேன்னா?

மார்ச் 8, சனி

அவனுடைய அலுவலகத்துக்கே போனேன். நீல ஆடை இல்லை. பள்ளிக்குக் கட்டும் சாதாரண உடைதான்.

கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். நடக்கும்போது அந்தக் கால் இன்னும் இழுக்கிறது. மேசையில் விரித்திருந்த நில வரைபடத்தைச் சுருட்டிவிட்டு உட்காரச் சொன்னான். நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சொன்னது போலவே வரிசையாகச் சொன்னேன்: சிவப்பணு எத்தனை காலம் வாழும், மூன்றாவது பை யாருடையது, லேப்புக்கு எத்தனை வாரத்தில் போனோம், கோடு ஏன் மங்கல். நவம்பரில் ஏன் இல்லாமல் போனது.

முதலில் கோபம்தான் வந்தது. "கல்யாணத்துக்கு ஒண்ணரை மாசம்தான் இருக்கு. இப்ப வந்து இதைச் சொல்றியே, நியாயமா?" என்றான்.

ரேமியின் சித்தியைப் பற்றிச் சொன்னேன். லான்ரேயின் பெயரையும் சொன்னேன். அதே மேடையில் ஏறி இதையும் சொல் என்றேன்.

வெளியே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். முழங்கையின் உள்பக்கத்தை, அன்று ஊசி ஏறிய இடத்தை, கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். தான் செய்வது அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"நான் அந்த மேடையில அழுதேன். அது பொய்யா?"

"அழுதது பொய்யில்ல. காரணம்தான் வேற."

"அப்ப நாம நாலு மாசம் பொறுத்திருந்தா..."

அந்த வாக்கியத்தை அவனும் முடிக்கவில்லை, நானும் முடித்துக் கொடுக்கவில்லை. அதன் மறுபக்கத்தில் ஒரு வீடு இருந்தது, இரண்டு பேருக்கான பானை இருந்தது. ஒரு நிமிஷம் இருவரும் அதைப் பார்த்தோம். அவன் கண்ணில் அது தெரிந்தது. அது போதுமா? போதாது. ஆனால் தெரிந்தது.

வாசல்வரை வந்தான். யோசிக்கிறேன் என்றான். நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மார்ச் 14

ஒன்றும் இல்லை.

மார்ச் 21

ஒன்றும் இல்லை. வீடியோவை இன்னும் ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். நானும் இன்று ஒரு தடவை பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் பேசுகிறான்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று நோன்புப் பெருநாள். பஸிரா ஒரு தூக்கு நிறைய ஜோலோஃப் சோறும் பொரித்த இறைச்சியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வீட்டில் விருந்தாளிகள் என்று ஓடிவிட்டாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் கைபேசியில் கொலாப்போவிடமிருந்து ஒரே ஒரு சொல்.

"சொல்லிட்டேன்."

மார்ச் 31

பெருநாள் விடுமுறை. பள்ளி இல்லை. நாளைக்கும் இல்லை. ரேமியைப் பார்க்க புதன்வரை பொறுக்க வேண்டும்.

ஏப்ரல் 2

வகுப்புக்குள் நுழையும் முன்பே ரேமி காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணன் மறுபடி மேடையேறினாராம். தன் ஜீனோடைப் மாறவே இல்லை, முதலிலிருந்தே ஏஏதான், விபத்தில் ஏற்றிய ரத்தம் சோதனையைக் குழப்பிவிட்டது என்றாராம். நம்பிக் கல்யாணம் முடிவு செய்தவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள் என்றாராம். பாதியிலேயே பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டாராம். மைக் இல்லாமலும் கத்திச் சொன்னாராம். மொதுபே எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாளாம்.

நின்றாளா! அப்படியென்றால் நல்ல பெண்தான். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

சித்தி இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கிறாளாம். கல்யாணம் நின்றுவிட்டது. ரேமிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது, அவளும் அழுதிருக்கிறாள். "நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு, உங்க மேல கோவமா இருக்கேன் மிஸ்" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். அந்தச் சித்தி எங்கே உட்கார்ந்து அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் அங்கேயே இருந்திருக்கிறேன்.

ரத்தம் கொடுத்தது யார் என்று அவர் சொன்னாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாரோ ஒரு சகோதரின்னார் மிஸ்."

ஏப்ரல் 6

யாரோ ஒரு சகோதரி.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அம்மாவிடம் போயிருந்தேன். முழுக் கதையையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து போய் ஆமலா கிண்டி, எனக்கு மட்டும் பரிமாறி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். மனைவியை இழந்தவரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

இன்று கொலாப்போவின் கல்யாணம். அழைப்பு வந்திருந்தது. போவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். வீட்டில் இருந்தால் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று துணி துவைக்க உட்கார்ந்தேன். பஸிராவின் அழைப்பு வந்தது. அவளுடைய அண்ணன் மகள் சம்சிய்யா, வயது இருபது, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். ரத்தம் வேண்டும், வீட்டில் யாருக்கும் பிரிவு பொருந்தவில்லை. கேட்கவே தயங்கினாள். நான் சோப்புக் கையோடு கிளம்பிவிட்டேன்.

அதே மாதிரிக் கட்டில். அதே மாதிரி ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பை நிறைவதை இந்தத் தடவை முழுக்கப் பார்த்தேன். உட்கருவைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுமக்க மட்டுமே கிளம்பிய கூட்டம்.

நர்ஸ் சீட்டை ஒட்டப் போனபோது, அதில் ஏஎஸ் என்றும் எழுதுங்கள் என்றேன்.

"இதெல்லாம் யாரும் எழுதச் சொன்னதில்லையே" என்று முகத்தைச் சுளித்தாள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். செப்டம்பருக்கு முன்னால் யாரும் அவளுக்கு ஜீனோடைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அதில் தெரிவது அவள் இல்லை, நான். நர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, பையின் மேல் பெரிய எழுத்தில் எழுதினாள். நான் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். சம்சிய்யாவின் தாயிடமும் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன், வகுப்பில் செய்வது போல.

வெளியே வந்தபோது மணி நாலு தாண்டியிருந்தது. இந்நேரம் அங்கே ஆட்டம் தொடங்கியிருக்கும். மணி பார்க்க மறந்தே போயிருக்கிறேன்.

இப்போது பஸிரா பேசினாள். பெண் கண் விழித்துவிட்டாளாம். முதல் கேள்வியே, யார் ரத்தம் கொடுத்தது என்றுதானாம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"உன் பேரைத்தான் சொன்னேன். முழுப் பேரையும். அவ ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டா."